22 மாதம், 6 சொல்: அட்டையா, படப்புத்தகமா?

வாசகர் கேள்வி: 3 ஜூன் 2024, மாலை 6.20

என் மகனுக்கு 22 மாதம் முடிந்திருக்கிறது. அம்மா, அப்பா, தா, போச்சு, டாட்டா, காக்கா ஆகிய ஆறு சொற்களைத்தான் சொல்கிறான். பக்கத்து வீட்டுப் பெண் குழந்தை இதே வயதில் பழங்களின் பெயர்களை வரிசையாக ஒப்பிக்கிறது. 120 பட அட்டைகள் வாங்கி, காலையும் மாலையும் இருபது இருபதாகக் காட்டிப் பெயர் சொல்லி வருகிறேன். ஒரு மாதமாயிற்று, ஒரு சொல்லும் கூடவில்லை. படப்புத்தகத்தைக் கொடுத்தால் பக்கங்களைப் புரட்டுகிறானே தவிர, என்னைப் படிக்க விடுவதில்லை. அட்டையை விடாமல் காட்டி வந்தால் சொல் தானாக வந்துவிடும் என்பது என் எண்ணம். இன்னும் எத்தனை நாள் காட்ட வேண்டும்?

பதில்: 3 ஜூன் 2024, இரவு 9.50

அட்டைகளை எடுத்து அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிடுங்கள். என் மகளுக்கு நானும் இதைத்தான் செய்தேன். அவள் "பப்பாளி" என்று அட்டையைப் பார்த்துச் சொன்னாள். பழக்கடையில் பப்பாளியைப் பார்த்தபோது ஒன்றும் சொல்லவில்லை. அவளைப் பொறுத்தவரை பப்பாளி என்பது பளபளப்பான ஒரு சதுரத் தாளின் பெயர்.

ஆறு சொல் என்பதை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2022-இல் திருத்தி வெளியிட்ட பட்டியலின்படி, பெரும்பாலான குழந்தைகள் 18 மாதத்தில் அம்மா, அப்பா நீங்கலாக மூன்று சொற்களையாவது சொல்ல முயல்வார்கள்; 24 மாதத்தில் இரண்டு சொற்களைச் சேர்ப்பார்கள்; 30 மாதத்தில் ஏறத்தாழ 50 சொற்கள் இருக்கும். உங்கள் மகன் இந்தக் கோட்டின் ஓரத்தில் நிற்கிறான் என்றுதான் தெரிகிறதே ஒழிய, விழுந்துவிட்டான் என்று தெரியவில்லை. அவனுக்கு எத்தனை சொற்கள் புரிகின்றன என்பதை முதலில் எழுதுங்கள். "செருப்பை எடுத்து வா" என்று கை காட்டாமல் சொன்னால் எடுத்து வருகிறானா? வேண்டியதை விரலால் சுட்டுகிறானா? வேண்டுமென்பதற்காக அல்லாமல், "பாரேன்" என்று உங்களுக்குக் காட்டுவதற்காகவே எதையாவது சுட்டுகிறானா? மூன்றாவது கேள்விதான் முக்கியமானது.

மற்றபடி, நிறையப் பேசுங்கள். பேச்சு மிகுந்த வீட்டில் வளரும் குழந்தை, பேச்சுக் குறைந்த வீட்டுக் குழந்தையைவிடப் பள்ளிக்கு வருமுன்பே மூன்று கோடிச் சொற்கள் கூடுதலாகக் கேட்டிருக்கும் என்பார்கள்.

3 ஜூன் 2024, இரவு 11.15

தூக்கம் வரவில்லை; புத்தகத்தைப் புரட்டுகிறான் என்று நீங்கள் குறைபட்டது மனத்தில் நிற்கிறது. என் மகனுக்கு 19 மாதம் இருக்கும்போது நடந்ததைச் சொல்கிறேன். கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்று வைத்திருந்தோம். அதன் நான்காம் பக்கம் முழுவதையும் ஒரு யானை அடைத்துக்கொண்டு நிற்கும். பின்னால் ஒரு குடிசை, குடிசைச் சுவரின் மூலையில் கட்டைவிரல் நகமளவில் ஒரு பல்லி. பல்லியை வரைந்தவருக்கே அது நினைவிருக்குமா என்பது ஐயம். நான் "யானை, யானை" என்பேன். அவன் விரல் போய் அந்தச் சுவரில் நிற்கும். நான் அந்த விரலைப் பிடித்து யானையின் துதிக்கைமேல் வைப்பேன். அவன் புத்தகத்தை மூடிவிடுவான். பத்துப் பன்னிரண்டு நாள் இப்படியே போயிற்று. புத்தகம் பிடிக்காத பிள்ளை என்று நான் முடிவே கட்டிவிட்டேன்.

ஒரு நாள் ஏழு வயது மகள் அருகிலிருந்து பார்த்துவிட்டு, "அப்பா, அவன் யானையப் பாக்கவே இல்ல" என்றாள். அன்றிரவு டியூப்லைட் பக்கத்தில் ஒரு பல்லி நின்றது. அவன் அதைச் சுட்டினான். தத்தித் தத்திப் போய்ப் புத்தகத்தைத் தூக்கி வந்தான். தலைகீழாகத் திறந்து அந்தப் பக்கத்தைத் தேடினான். வாயில் அரைத்துக்கொண்டிருந்த வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு அத்தை, என் மனைவியின் தாயார், ஒரே ஒரு முறை "பல்லி" என்றார். அவன் "பய்யி" என்றான். நான் பல நாள் சொன்ன யானை வர அதற்குப் பிறகும் மூன்று மாதம் ஆயிற்று.

1986-இல் மைக்கேல் டொமசெல்லோவும் ஜெஃப்ரி ஃபாரரும் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டுகிறது. குழந்தை ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருக்கும் பொருளுக்குப் பெயர் சொன்னால் அந்தப் பெயர் நன்றாகப் பதிகிறது. அதன் பார்வையை வேறு பொருளுக்குத் திருப்பிவிட்டுப் பெயர் சொன்னால் அவ்வளவாகப் பதிவதில்லை. அட்டை காட்டுவது முழுக்க முழுக்க இரண்டாவது வகை. உங்கள் மகன் பக்கங்களைப் புரட்டுவது தொந்தரவு அன்று. அவன் எதையோ தேடுகிறான். எந்தப் பக்கத்தில் நிற்கிறான் என்று பாருங்கள்.

4 ஜூன் 2024, காலை 7.30

நேற்று எழுதிய மூன்று கோடியைத் திரும்பப் பெறுகிறேன். ஒருவர் தனியே எழுதிக் கண்டித்திருக்கிறார், அவர் சொல்வது சரி. 1995-இல் பெட்டி ஹார்ட்டும் டாட் ரிஸ்லியும் வெளியிட்ட அந்தக் கணக்கு அமெரிக்காவின் கான்சாஸில் 42 குடும்பங்களிடம் மாதத்துக்கு ஒரு மணி நேரம் பதிவு செய்து, பின்பு பெருக்கிப் பெறப்பட்டது. அவற்றுள் அரசு உதவி பெற்ற ஏழைக் குடும்பங்கள் 6 மட்டுமே. 2019-இல் வந்த மறுஆய்வு, பாட்டி, அக்கா, அத்தை எனச் சுற்றிலும் உள்ளோர் பேச்சையும் சேர்த்து எண்ணினால் அந்த இடைவெளி அப்படியே நிற்கவில்லை என்று காட்டியது. ஒரு கூட்டுக்குடும்பத்தில் இருந்துகொண்டு, பெற்றோரின் பேச்சை மட்டும் எண்ணிய கணக்கை நான் எடுத்துப் போட்டது வேடிக்கை.

"நிறையப் பேசுங்கள்" என்றதையும் திருத்த வேண்டும். வானொலி போல விடாமல் பேசுவதால் பயனில்லை. நீங்கள் ஒன்று சொல்லி, அவன் ஒரு ஒலியோ சைகையோ திருப்பித் தர இடம் விட்டு, பிறகு நீங்கள் சொல்ல வேண்டும்.

4 ஜூன் 2024, இரவு 8.40

நீங்கள் இட்ட விடைகளைப் பார்த்தேன். செருப்பை எடுத்து வருகிறான், சுட்டுகிறான், காட்டுவதற்காகவும் சுட்டுகிறான். நல்லது. இனி ஆறு சொல் என்ற கணக்கை மறுபடி போடுங்கள். பாலுக்கு அவன் வைத்திருக்கும் பெயர் என்ன? பாச்சியா, இங்காவா? அதைச் சேர்த்தீர்களா? நாயைப் பார்த்து "பௌ பௌ" என்கிறானா? ஒரே பொருளுக்கு மாறாமல் ஒரே ஒலியைப் பயன்படுத்தினால் அது சொல்தான். அகராதியில் இருக்க வேண்டியதில்லை.

என் கணக்கும் இப்படித்தான் பிழைத்தது. எங்கள் வீட்டில் நான் தமிழ், அத்தை தெலுங்கு, மனைவி இரண்டும். 20 மாதத்தில் மகனுக்கு ஏழு சொல் என்று நாள்காட்டியின் பின்புறம் எழுதி வைத்திருந்தேன். பூனையைப் பார்த்து அவன் "பில்லி" என்றபோது நான் எழுதவில்லை. தெலுங்கில் பூனை பில்லி என்பது எனக்குத் தெரியும், இருந்தும் அது என் கணக்கில் வரவில்லை. அத்தையிடம் உட்கார்ந்து கேட்டபோது, நீள்ளு, சந்தமாமா என்று நான் கேட்டிராத சொற்களையும் சேர்த்துப் பதினைந்து தேறின. இரண்டு மொழி கேட்பதால் குழந்தை குழம்பிப் பேச்சு தாமதமாகும் என்பது தவறான அச்சம். இரண்டிலும் உள்ளதைக் கூட்டித்தான் எண்ண வேண்டும்.

4 ஜூன் 2024, இரவு 8.55

மாடிப்படியில் பூனையைக் கண்டு அவன் "பில்லி, பில்லி" என்று கத்தியபோது, எதிர்வீட்டு அம்மாள், யார் வைத்தார்கள் என்று உண்மையிலேயே கவலையுடன் விசாரித்தார். எலுமிச்சம்பழம் வேறு கொடுத்தனுப்பினார். ரசத்துக்கு ஆயிற்று.

6 ஜூன் 2024, மாலை 5.10

மம்மு, தாச்சி, உவ்வா போன்ற மழலைச் சொற்களைப் பெரியவர்கள் பேசினால் குழந்தை திருந்திப் பேசாது என்று உங்கள் மாமனார் கண்டிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். நானும் மகள் விஷயத்தில் அவர் பக்கம் இருந்தவன். 14 மாதக் குழந்தையிடம் "சோறு உண்கிறாயா" என்று கேட்ட பெருமை எனக்கு உண்டு. இப்போது அப்படி நினைக்கவில்லை. சார்லஸ் ஃபெர்குசன் 1964-இல் ஆறு மொழிகளின் மழலைப் பேச்சை ஒப்பிட்டார். மராத்தியும் அவற்றில் ஒன்று. ஒன்றோடொன்று தொடர்பில்லாத மொழிகளிலும் எளிய மெய்களும் இரட்டித்த அசைகளுமே அவற்றில் மிகுந்திருக்கக் கண்டார். குழந்தையின் வாய்க்கு எட்டும் உயரத்தில் பெரியவர்கள் வைக்கும் படி அது.

தமிழில் இந்தப் படி உறவுப் பெயர்களிலேயே கட்டப்பட்டிருக்கிறது. அம்மா, அப்பா, அக்கா, அண்ணா, தாத்தா, பாட்டி ஆகிய எல்லாவற்றிலும் நடுவில் ஒரு மெய் இரட்டித்து அழுத்தமாக நிற்பதைச் சொல்லிப் பாருங்கள். அந்த நிறுத்தத்தில் குழந்தை வாயைச் சரியான இடத்துக்குக் கொண்டுபோக நேரம் கிடைக்கிறது. காக்கா முன்னதாக வந்து குருவி பின்தங்குவதற்கும், பல்லி "பய்யி" ஆனபோதும் இரட்டிப்பு மட்டும் தப்பியதற்கும் இதுவே காரணம் என்பது என் ஊகம். ஊகம்தான். ழகரமும் றகரமும் நான்கு, ஐந்து வயதில்கூடத் தடுமாறலாம். பெரியவர்களிலேயே பலருக்கு இன்னும் வந்தபாடில்லை.

பெயர்ச்சொற்களை மட்டும் கற்பிக்க வேண்டாம். ஆங்கில வழிப் பட்டியல்களில் பந்து, கார், நாய் என்று பொருட்பெயர்களே குவிந்திருக்கும். நம் பேச்சிலோ வினை கடைசியில் வந்து காதில் தங்குகிறது. பெயரை விட்டுவிட்டு வினையை மட்டும் சொல்வதும் நம் வழக்கம். "தா", "போச்சு" என்று உங்கள் மகன் வைத்திருக்கும் ஆறில் இரண்டு வினை. ஏறு, இறங்கு, மூடு, திற, ஊது, ஊத்து போன்றவற்றைச் செய்யும்போதே சொல்லுங்கள்.

7 ஜூன் 2024, இரவு 10.05

"புத்தகத்தில் உள்ளபடி படிப்பதா, பேச்சு வழக்கில் சொல்வதா?" நல்ல கேள்வி. தமிழில் படப்புத்தகம் படிக்கும் ஒவ்வொருவருக்கும் இருக்கும் சிக்கல் இது. அச்சில் "மழை பெய்கிறது" என்றிருக்கும். வீட்டில் எவரும் அப்படிச் சொல்வதில்லை. இரண்டு வயதுக் குழந்தைக்கு "பெய்யுது" என்பதே தெரிந்த சொல். நான் முதலில் அச்சிட்டபடியே படித்தேன். மகன் முகத்தில் ஒன்றும் ஓடவில்லை. பிறகு "மழை பெய்யுது பாரு, சோ..." என்று மாற்றினேன், சன்னலை நோக்கி ஓடினான். முதற்சொற்களின் பருவத்தில் எழுத்துத் தமிழை விட்டுவிடலாம் என்பதே என் கட்சி. ஆனால் மூன்று வயதுக்கு மேல் அவனே "வருகிறான்", "போகிறான்" என்று கதைக்குரலில் சொல்லி மகிழத் தொடங்கினான் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். எனவே நிரந்தரமாக விட்டுவிடச் சொல்லவில்லை.

எப்படிப் படிப்பது என்பதற்குக் குரோவர் வைட்ஹர்ஸ்ட்டும் உடன் பணியாற்றியோரும் 1988-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பெற்றோர் படித்துக்கொண்டே போகாமல், நிறுத்தி, "இது என்ன", "இவன் என்ன செய்கிறான்" என்று கேட்டு, குழந்தை சொன்னதைச் சற்று நீட்டித் திருப்பிச் சொல்லும்படி பழக்கினார்கள். ஒரு மாதத்திலேயே அந்தக் குழந்தைகள் பேச்சில் முந்தினார்கள். நம் பாட்டிமார் கதை சொல்லும்போது "ம்" கொட்டாவிட்டால் கதை நின்றுவிடும் அல்லவா? அந்த "ம்" இருந்த இடத்தில் ஒரு சொல்லை வைத்தால் போதும். அவன் "காக்கா" என்றால் நீங்கள் "காக்கா பறக்குது" என்று ஒரு சொல் கூட்டுங்கள். ஒன்றுதான், நான்கு அல்ல.

கேட்டுவிட்டுக் காத்திருப்பதுதான் கடினம். நான் ஒருமுறை கடிகாரம் பார்த்தேன். இரண்டு நொடிகூடப் பொறுக்காமல் விடையை நானே சொல்லிக்கொண்டிருந்தேன். மனத்துக்குள் பத்து வரை எண்ணப் பழகினேன். ஆறிலோ ஏழிலோ வந்தது.

ஒரே புத்தகத்தை நாற்பதாவது முறை கேட்கிறான் என்று சலித்துக்கொள்ளாதீர்கள். 2011-இல் ஜெசிகா ஹார்ஸ்ட் குழுவினர் மூன்று வயதுக் குழந்தைகளிடம் பார்த்ததில், வெவ்வேறு கதைகள் கேட்டவர்களைவிட ஒரே கதைகளைத் திரும்பத் திரும்பக் கேட்டவர்களே புதுச் சொற்களை நன்கு கற்றிருந்தார்கள்.

9 ஜூன் 2024, பிற்பகல் 3.00

கைப்பேசியில் பாட்டுக் காணொளி பார்த்தால் சொல் கற்காதா என்று கேட்டவருக்கு. 2003-இல் பட்ரிசியா கூல் குழுவினர் ஆங்கிலம் பேசும் வீடுகளின் 9 மாதக் குழந்தைகளுக்கு 12 அமர்வுகளில் சீன மொழியைக் கேட்கச் செய்தார்கள். நேரில் ஒருவர் அமர்ந்து விளையாடிப் பேசியபோது குழந்தைகள் அந்த மொழியின் ஒலிகளைப் பிரித்தறியக் கற்றார்கள். அதே பேச்சைத் திரையில் காட்டியபோது ஒன்றும் கற்கவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் தந்த பரிந்துரை, ஒரு வயதுக் குழந்தைக்குத் திரை வேண்டாம், இரண்டு வயதில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்பது.

இதை எழுதும் நான் யோக்கியன் அல்லன். முடி வெட்டும் கடையில் கைப்பேசி, காய்ச்சல் நாளில் கைப்பேசி, நானும் மனைவியும் ஒருசேரக் களைத்த மாலைகளில் கைப்பேசி. ஊட்டும்போது மட்டும் கூடாது என்று வைத்துக்கொண்டோம்; சொற்களின் விளைநிலம் அந்த நேரம்தான். இடுப்பில் வைத்துக்கொண்டு காக்கையையும் நிலாவையும் காட்டிச் சோறூட்டுவது, இருவரும் ஒரே பொருளைப் பார்த்திருக்க ஒருவர் பெயர் சொல்வதுதான். பிள்ளைத்தமிழில் சப்பாணிப் பருவம் குழந்தை கைகொட்டுவது, அம்புலிப் பருவம் நிலவைக் காட்டி அழைப்பது. சிற்றிலக்கியங்களுக்கு இலக்கணம் சொல்லும் பாட்டியல் நூல்கள் சப்பாணிக்கு ஒன்பதாம் மாதத்தையும் அம்புலிக்கு ஓராண்டு கடந்த பிறகான மாதங்களையும் வகுத்திருக்கின்றன. கைகொட்டல் முன்னும் சுட்டிப் பெயர் சொல்லல் பின்னுமாக, வரிசை சரியாகவே இருக்கிறது.

12 ஜூன் 2024, இரவு 9.20

இதை முதல் குறிப்பிலேயே எழுதியிருக்க வேண்டும். செவித்திறன் சோதனை செய்தீர்களா?

என் மகனுக்குப் பேச்சு வரவில்லை என்று 21 மாதத்தில் ஒரு மருத்துவரிடம் காட்டினோம். ஆண் பிள்ளைகள் தாமதமாகத்தான் பேசுவார்கள், மூன்று வயது வரை பொறுங்கள் என்று இரண்டு நிமிடத்தில் அனுப்பினார். நாங்களும் மகிழ்ச்சியாகவே வந்தோம். நமக்குப் பிடித்த விடையை எவர் சொன்னாலும் நம்புவோம். நான்கு மாதம் கழித்து, பின்னாலிருந்து மெல்லக் கூப்பிட்டால் திரும்புவதில்லை என்பதை மகள்தான் கண்டாள். வேறோரிடத்தில் சோதித்தபோது இரு நடுச்செவியிலும் நீர் கோத்திருந்தது. அடிக்கடி சளி பிடிக்கும் குழந்தைகளுக்கு இது சாதாரணம். பெரும்பாலும் தானாகவே வடிந்துவிடும், எங்கள் மகனுக்கும் அப்படித்தான் ஆயிற்று. ஆனால் நீர் நிற்கும் மாதங்களில் குழந்தைக்கு நம் பேச்சு தண்ணீருக்கடியிலிருந்து கேட்பது போல இருக்கும். அத்தையின் "பல்லி" மட்டும் எப்படிப் போய்ச் சேர்ந்தது என்றால், அவர் குரல் தெருமுனைக்குக் கேட்கும்.

பிறந்தபோது செய்த சோதனையில் தேறிவிட்டான் என்று இருந்துவிடாதீர்கள். நீர் பிறகு கோப்பது. தனியாரிடம் செலவு என்றால் அரசு மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கோ, குழந்தைகளின் உடல்நலக் குறைகளை முன்கூட்டியே கண்டறிய மத்திய அரசு 2013-இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தின்கீழ் அமைந்த மாவட்ட மையத்துக்கோ போகலாம். முன்பு வந்த சொற்கள் மறைந்துபோவது, பெயர் சொல்லி அழைத்தால் பாராதிருப்பது, சுட்டாதிருப்பது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் ஒரு நாளும் தள்ளிப்போட வேண்டாம். சோதனையும் விளையாட்டும் ஒருங்கே நடக்கட்டும்.

15 ஜூன் 2024, காலை 11.30

சோதனையில் செவித்திறன் சரியாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நிம்மதி. விளையாட்டுக்கு எந்தப் பொம்மை வாங்கலாம் என்பதற்கு, ஒன்றும் வாங்க வேண்டாம். உள்ளங்கையில் பருப்புக் கடைந்து, அம்மாவுக்கு, அப்பாவுக்கு என்று பங்கிட்டு, நண்டு ஊர்வதுபோல் விரல்களை அக்குள்வரை கொண்டுபோகும் விளையாட்டு உங்களுக்குத் தெரிந்திருக்கும். நான்கைந்து நாள் முழுதாக விளையாடுங்கள். பிறகு ஒரு நாள், நண்டு முழங்கையில் ஏறியதும் அசையாமல் நிறுத்திவிட்டு அவன் முகத்தைப் பாருங்கள். அடுத்து வருவது அவனுக்குத் தெரியும். உங்களை அசைக்க அவன் ஏதாவது செய்தே ஆக வேண்டும். முதலில் கையை இழுப்பான், பிறகு ஒலி எழுப்புவான், பிறகு ஒரு நாள் சொல்வான்.

சமையலறையில் கீழ்த்தட்டை அவனுக்கு ஒழித்துக் கொடுங்கள். மூடியுள்ள டப்பா, சின்னக் கரண்டி, கொட்டாங்கச்சி, உடையாத டம்ளர் போதும். பட்டாணி, உளுந்து போன்றவை மட்டும் கைக்கெட்ட வேண்டாம், மூக்கில் போட்டுக்கொள்வான். என் மகன் "தண்ணி" என்பதைக் குழாய்க்கும் மழைக்கும் டம்ளருக்கும் தெருவில் வரும் லாரிக்கும் சொன்னான். "அது லாரி" என்று திருத்திக்கொண்டிருந்த நான், "ஆமாம், தண்ணி லாரி" என்று சொல்லத் தொடங்கினேன். இரண்டு சொல்லைச் சேர்த்து அவன் முதன்முதலில் சொன்னது அதைத்தான்.

16 ஜூன் 2024, இரவு 7.45

அட்டைகளை மேல்தட்டில் வைக்கச் சொன்னதில் கொஞ்சம் அவசரப்பட்டேன். எங்கள் 90 அட்டைகளை மகன் பின்னாளில் கண்டெடுத்து, காலணிப் பெட்டியில் கீறிய ஓட்டை வழியே ஒவ்வொன்றாகப் போட்டான். நான் "பூனை போச்சு", "வண்டி போச்சு" என்றேன். அதில் வந்த சொற்கள் உண்டு. எதைப் போடுவது, எப்போது எழுந்து போவது என்பதெல்லாம் அவன் முடிவாக இருந்தது. பப்பாளி மட்டும் பெட்டிக்குள் போகவில்லை; அதை மென்றுவிட்டான்.

29 ஜூன் 2024, இரவு 10.30

உங்கள் செய்தியைப் பார்த்தேன். பாச்சி, பௌ பௌ முதலானவற்றைச் சேர்த்துப் பதினொன்று, அதற்குமேல் நேற்று அஞ்சறைப் பெட்டியின் முன் உட்கார்ந்து "மூடு" என்று சொன்னது பன்னிரண்டு. ஒன்றை மட்டும் பார்த்து எழுதுங்கள். அவன் கையில் மூடி இருந்ததா, இல்லையா? இருந்தது என்றால் மூடப் போகிறேன் என்கிறான். இல்லை என்றால் மூடியைக் கேட்கிறான். அப்படியானால் அவனிடம் மூடியைக் கொடுத்து "மூடி" என்று சொல்லுங்கள், பதின்மூன்றாவது அதுவாக இருக்கலாம்.